கடைப் பையும் வீட்டுப் பையும்

2018-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். மாலைச் செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பங்கு இல்லத் திண்ணையருகே தயங்கியவாறு நின்றார். கூரியர் நிறுவனங்கள் இரண்டுக்கு முகவராக இருந்து, பேருந்து நிலையத்தை அடுத்த சிறிய அறையொன்றில் தொழில் நடத்துபவர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். திருவிழாவில் சப்பரம் தூக்குவோரில் முன்வரிசைக்காரர்.

"சாமி, கோவில் நன்கொடை என்று அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு ரசீது எழுதித் தரவேண்டும்" என்றார்.

"எவ்வளவு தரப்போகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"ஐயாயிரம்" என்று கூறித் தலைகுனிந்தார்.

(பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று இது, திண்ணையில் கேட்டது. எழுதலாம் என்று அவரே சொன்ன பின்னர்தான் எழுதுகிறோம்.)

மறுத்துவிட்டோம். நம் பங்குக் கோவில் தரும் காணிக்கை ரசீதுக்கு வரிச் சலுகை எதுவும் கிடையாது. அதைச் சொல்லி எளிதில் தப்பித்திருக்கலாம். ஆனால் பயன்படாத பொய் என்பதால் மறுத்ததாக அவர் எண்ணிவிடக் கூடாதே என்று, அதைச் சொல்லாமலேயே மறுத்தோம். அவருக்குச் சினம் வந்தது. "என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைத்தானே சாமி திரும்பக் கேட்கிறேன்!" என்றார். அமரச் செய்து, காப்பி வரவழைத்து, நடந்ததைச் சொல்லும்படி கேட்டோம்.

2017-18-ஆம் நிதியாண்டில் அவருக்கு வந்த கமிஷன் தொகை 9 லட்சம் ரூபாய். நிறுவனங்கள் அதில் 45,000 ரூபாயை முன்வரியாகப் பிடித்துக்கொண்டே தந்திருந்தன. கணக்குத் தாக்கல் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நம் அன்பர் தாளை நீட்டினார். அவரோ வந்த 9 லட்சத்தையும் அப்படியே வருமானம் என்று எழுதிவிட்டார். செலவு என்ற பத்தியில் ஒரு காசு கூட இல்லை. அன்றைய விகிதப்படி வரி 95,275 ரூபாய் ஆயிற்று. பிடித்தது போக மீதி 50,275 ரூபாயைக் கட்டுவதற்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

வந்த தொகை வேறு, வருமானம் வேறு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அறைக்கு வாடகை உண்டு. பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் பையன்கள் இருவருக்குச் சம்பளம் உண்டு. பெட்ரோல், தொலைபேசி, மின்சாரம், காகிதம் எல்லாம் உண்டு. தொழிலுக்காகவே முழுவதும் செய்யப்பட்ட செலவைக் கழித்த பின் எஞ்சுவதுதான் வருமானம். இது அரசு இடும் பிச்சையுமன்று, ஏமாற்றுமன்று. சட்டம் தரும் உரிமை. அதைக் கேட்காமல் விடுவது தாராள மனமும் ஆகாது. பிள்ளைகளின் பங்கையன்றோ விட்டுக்கொடுக்கிறோம்?

மறுநாளே நம் பங்கிலுள்ள ஆடிட்டர் ஒருவரிடம் அவரை அனுப்பினோம். தாக்கல் செய்ததைத் திருத்தி அளிக்க 2019 மார்ச் 31 வரை காலம் இருந்தது. "செலவுக்குச் சான்று என்ன இருக்கிறது?" என்பதே ஆடிட்டரின் முதல் கேள்வி. இங்கேதான் நம் அன்பர் விழித்தார். வாடகை வங்கி வழியே போயிருந்தது: 72,000 ரூபாய். பையன்களில் ஒருவனுக்குச் சம்பளமும் அவ்வாறே: 96,000 ரூபாய். தொலைபேசியும் மின்சாரமும் 22,000 ரூபாய். ஆக 1,90,000 ரூபாய்க்குச் சான்று அகப்பட்டது. மற்றப் பையனுக்குச் சனிக்கிழமைதோறும் கையில் எண்ணிக் கொடுத்த 96,000 ரூபாய்க்கு ஒரு கையெழுத்து இல்லை. பெட்ரோலுக்கு ஒரு சீட்டு இல்லை. இல்லாததை எழுத ஆடிட்டர் மறுத்துவிட்டார். வரியில் 39,140 ரூபாய் திரும்பி வந்தது. வளையல்கள் வீடு வந்தன. மீதி போனது போனதுதான்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. முதலாளிக்குச் சான்று இல்லாமற் போனது போலவே அவனுக்கும் இல்லாமற் போயிற்று. இரு சக்கர வண்டிக்குக் கடன் கேட்டுப் போனவனிடம் சம்பளச் சான்று கேட்டார்கள். காட்ட ஏதுமில்லாமல் திரும்பினான். சம்பளப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து வரிக் கழிவுக்கு மட்டும் என்று நினைப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், ரசீதே இருந்தாலும், அச்செலவு பொதுவாகக் கழியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

நம் வாசகரில் பலர் சிறு கடையும் பட்டறையும் நடத்துகிறவர்கள். எது கழியும், எது கழியாது என்பதற்கு இந்த அன்பரின் அறையே போதும். கணினி ஒன்று 40,000 ரூபாய்க்கு வாங்கினார். அதை ஒரே ஆண்டில் செலவாக எழுத முடியாது. தேய்மானமாக ஆண்டுக்கு 40 விழுக்காடு. முதலாண்டு 16,000, மறுவருடம் மீதி 24,000-இல் 9,600. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அவ்வாண்டுக்குப் பாதிதான். தொழிலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கழியும். அசல் தவணை கழியாது. சாலை விதியை மீறிக் கட்டிய அபராதம் கழியாது. லஞ்சமும் கழியாது, குற்றமான காரியத்துக்குச் செய்த செலவைச் சட்டம் செலவாகவே ஏற்பதில்லை. திருவிழா மலரில் கடை விளம்பரத்துக்குத் தந்த பணம் தொழிற்செலவு. புனிதருக்கு நேர்ந்துகொண்ட காணிக்கை அவ்வாறன்று. நேர்ச்சையை விளம்பரக் கணக்கில் எழுதுவோரும் நம்மிடையே உண்டு!

தம்பியோ மகனோ கடையில் வேலை செய்தால் நியாயமான சம்பளம் தந்து அதைச் செலவாகக் காட்டலாம். வெளியூரில் படிக்கும் மகனுக்குச் சம்பளம் தந்ததாக எழுதுவது பொய். வீடும் கடையும் ஒரே மின்மானியில் இருந்தால் கடையின் பங்கை மட்டும், நாளை ஒருவர் கேட்டால் விளக்கக்கூடிய கணக்குப்படி, பிரித்தெழுத வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பிரிவுகளின் எண்கள் மாறின. மேற்சொன்ன அடிப்படை மாறவில்லை. விற்றுவரவில் குறிப்பிட்ட விழுக்காட்டையே இலாபமாகக் காட்டிச் செலவுக் கணக்கை விட்டுவிடும் எளிய முறையொன்று சிறு வணிகருக்கு உண்டு. ஆனால் கமிஷன் பெறும் முகவருக்கு அது பொருந்தாது. தமக்கு எது பொருந்தும் என்பதை ஒவ்வொருவரும் தகுதியுள்ள ஆடிட்டரிடம் கேட்டறிவதே நன்று. தாமே கணக்கில் கெட்டி என்று நாம் சொல்லிக்கொள்ளவில்லை. குருமடத்தில் இலத்தீனும் தத்துவமும் கற்றோம், பேரேடு கற்கவில்லை. மேதகு ஆயரின் பங்கு விசாரணையின்போது கெபி கட்டிய செலவுக்குச் சீட்டுகள் கிடைக்காமல் அலமாரியெல்லாம் துழாவியது இன்றும் நினைவிருக்கிறது.

ஆயினும் அந்த மாலை நம்மைக் கலங்கச் செய்தது பணம் போனதன்று. உரிமையைக் கேட்க அறியாமல் இழந்த மனிதர், அதே ஆண்டில் பொய் ரசீது கேட்டு நம் வாசலுக்கு வந்துவிட்டாரே! வெற்று பில்களை விற்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன் நம்மிடம் வந்தார் என்பது மட்டும் ஆறுதல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், நியாயமான வரியை வஞ்சகத்தால் தவிர்ப்போரைக் கண்டிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, வரி ஏய்ப்பையும் பொய்ப் பட்டியல் எழுதுவதையும் ஏழாம் கட்டளையின் கீழேயே வைக்கிறது. 'அரசிடம் திருடுவது திருட்டா?' என்று நம்மிடம் கேட்போருக்கு வேறு விடை நம்மிடமில்லை. அந்த அரசின் மருத்துவமனையில்தான் அவர்தம் தாயார் படுத்திருந்தார் என்பதை அன்பருக்கு நினைவூட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

இப்போது அவரிடம் நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் கடை, வலப்பக்கம் வீடு. மங்கிப்போகும் தாளில் அச்சான பெட்ரோல் சீட்டுகளை உடனே நகலெடுத்து ஒட்டிவைக்கிறார். ஸ்கூட்டர்தான் அவருக்குப் பெருந்தொல்லை: வாரம் முழுதும் பொட்டலம் சுமக்கும், ஞாயிறன்று குடும்பத்தைச் சுமக்கும். சென்ற தவக்காலத்தில் நோட்டைக் காட்டினார். இடப்பக்கம் 'பெட்ரோல் 600' என்று எழுதி அடித்திருந்தது. வலப்பக்கத்தில் அதே தொகை, அருகில் சிவப்பு மையில்: 'வேளாங்கண்ணி போய்வந்தது.'