“வயசாச்சு” என்பது ஒரு சீக்கின் பெயரா?



பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸராக இருக்கும் நான் இந்த மாதம் மருந்து மாத்திரையைப் பற்றி எழுதப் போவதில்லை. நாம் பேசும் பேச்சைப் பற்றி எழுதுகிறேன். பேச்சுக்கும் சீக்குக்கும் என்னய்யா சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். “ஐயா, ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்கு எந்திரிக்கிறேன், காலு மரத்துப் போவுது” என்றார். “வயசாச்சுல்ல தாத்தா, அப்படித்தான் இருக்கும்” என்று தைலம் கொடுத்து அனுப்பினேன். சீனி பார்க்க ஒரு சொட்டு ரத்தம் போதும். நான் பார்க்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து, காலில் ஆணி குத்தியதுகூடத் தெரியாமல், புண் அழுகிப்போய் மகன் தூக்கி வந்தார். இனிப்பு நீர். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். பெரியவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “வயசாச்சுங்கய்யா, அப்படித்தான்” என்று நான் சொன்னதையே எனக்குச் சொன்னார். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? “பெருசு ஒரு மூலையில கெடக்கட்டும்.” “கெழவிக்கு எதுக்குக் கண்ணாடி, பரீட்சையா எழுதப் போறா?” “பால் வத்துன மரம்.” (பால் வற்றிய மரத்தைக்கூட யாரும் வீசுவதில்லை, நாற்காலி மேசை செய்து கப்பலேற்றுகிறார்கள்.) யாரும் வஞ்சம் வைத்துச் சொல்வதில்லை, சிரிக்கத்தான் சொல்கிறோம். ஆனால் தினமும் கேட்கிறவர் நம்பிவிடுகிறார். வலியை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். “செவிட்டுக் கெழம்” என்று பேர் வாங்கிய பாட்டி ஒருவருக்கு, காதில் கட்டியாகிக் கிடந்த குறும்பியை எடுத்தேன், அவ்வளவுதான். இப்போது யார் என்ன பேசினாலும் அவருக்குக் கேட்கிறது. சிலருக்கு அதில் சங்கடம்!

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயது தாண்டிய 660 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. தங்கள் முதுமையை நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். உலகில் இருவரில் ஒருவர் வயதானவர்களை இளக்காரமாக எண்ணுகிறார் என்று 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது.

நம் தமிழில் ‘கிழவன்’ என்றால் பழைய காலத்தில் உரிமையுடையவன், தலைவன் என்று பொருள். சேக்கிழார் பெயரில் இருப்பதும் அந்தக் ‘கிழார்’தான். இன்று அதே சொல் வசவாகிவிட்டது. 2013 ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டமே இருக்கிறது. நாமோ 55-ல் சேமநிதிப் பணம் எடுத்த மறுநாளே ஆளைப் ‘பெருசு’ ஆக்கிவிடுகிறோம்.

“வயசானா சீக்கு வரத்தானே செய்யும்?” என்று கேட்கலாம். வரும். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கண்புரை எல்லாம் வயது ஏற ஏறக் கூடுதலாகத்தான் வரும். அதனால்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். கண்புரைக்கு ஆபரேஷன் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை இருக்கிறது. “வயசாச்சு” என்பதற்குத்தான் என் அலமாரியில் மருந்தில்லை.

கால் மரப்பு, கண் மங்கல், அடிக்கடி தாகம், இளைப்பு, திடீர் மறதி, இதில் எது இருந்தாலும் பெரியவர்களைக் காலையில் பெரட்டு முடிந்ததும் டிஸ்பென்சரிக்குக் கூட்டி வாருங்கள். “நம்ம கெழவனக் கூட்டியாந்திருக்கேன்” என்று சொன்னால், அவர் பெயர் என்ன என்று கேட்டுத்தான் சீட்டு எழுதுவேன்.