ஒரே மொழி, இரு வாசல்: பாஸ்க் தொடர் ஓட்டம் நமக்கு விடுக்கும் கேள்வி

2024 மார்ச் மாதத்தில் பாஸ்க் மக்கள் 'கொர்ரிகா' என்னும் தொடர் ஓட்டத்தை 23ஆவது முறையாக நடத்தி முடித்தனர். ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கிலுமாகப் பிரிந்து வாழும் அம்மக்கள், தங்கள் மொழிக்காக இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஓட்டம் இது. இருன் நகரில் தொடங்கி, இரவும் பகலும் நில்லாமல் 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, நாட்டெல்லைக்கு அப்பால் உள்ள பயோன் நகரில் 11ஆம் நாள் நிறைவுற்றது.

இதன் அமைப்பு முறை கவனத்திற்குரியது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஓட்டக் கழகம், பள்ளி, தொழிற்சங்கம், கடை, ஊராட்சி என ஏதேனும் ஓர் அமைப்பு நன்கொடை செலுத்திப் பொறுப்பேற்கிறது. அந்தத் தொலைவுக்கு அவர்கள் கையில் 'லெகுகோ' என்னும் கோல் இருக்கும். சாட்சி என்பது அச்சொல்லின் பொருள். கோலுக்குள் வைக்கப்பட்ட செய்தி கடைசி நாளில்தான் வாசிக்கப்படும். கோல் ஏந்துபவர் பின்னால் யார் வேண்டுமானாலும் ஓடலாம். பயிற்சி பெற்ற கழக வீரரும் பேரக்குழந்தையின் கைபிடித்த பாட்டியும் ஒரே சாலையில் செல்கின்றனர். திரளும் நிதி, வயது வந்தோருக்கு பாஸ்க் மொழி கற்பிக்கும் ஏ.ஈ.கே. அமைப்பின் வகுப்புகளுக்குச் சேர்கிறது.

1980இல் இவ்வோட்டம் தொடங்கியதற்கு வலுவான காரணம் இருந்தது. பிராங்கோவின் சர்வாதிகாரம் அம்மொழியைப் பொதுவாழ்விலிருந்து விரட்டியிருந்தது. 1979ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் அதற்கு அலுவல் மொழித் தகுதி அளித்தது. ஆனால் நவார்ராவின் ஒரு பகுதியில் மட்டுமே அத்தகுதி உண்டு. பிரான்சில் இன்றளவும் இல்லை. சட்டம் பிரித்த மக்களைச் சாலை இணைக்கிறது. எனவே ஒடுக்கப்பட்ட மொழிக்கான இவ்வோட்டத்தை நாம் மதிக்கிறோம். எனினும் தலித் நோக்கிலிருந்து கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. மொழியால் ஒன்றுபட்ட சமூகம், தனக்குள் தீண்டாமையை ஒழித்துவிடுமா?

பாஸ்க் வரலாறே இதற்கு விடை தருகிறது. அதே நவார்ராவின் பாஸ்தான் பள்ளத்தாக்கில் அகோத்தேக்கள் என்றொரு மக்கள் இருந்தனர். பிரான்சுப் பகுதியில் இவர்கள் காகோ எனப்பட்டனர். நிறம், மொழி, மதம் எதிலும் அண்டை வீட்டாரிடமிருந்து இவர்கள் வேறுபட்டவர்கள் அல்லர். ஆயினும் ஊரிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். அரிஸ்குன் ஊரை ஒட்டிய போசாத்தே அவர்களது சேரியாக இருந்தது. தேவாலயத்தில் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. ஊராருடன் மணவுறவு கிடையாது. தச்சு முதலிய சில தொழில்களே விதிக்கப்பட்டன. சில இடங்களில் திருவப்பம்கூட மரக்கோலின் நுனியில் வைத்து நீட்டப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. தொடாமல் கொடுப்பதற்கும் அங்கே கோல்தான் பயன்பட்டிருக்கிறது.

அவர்களது முறையீட்டை ஏற்று, பிறரைப் போலவே இவர்களையும் நடத்த வேண்டும் என்று 1515இல் போப் பத்தாம் லியோ ஆணையிட்டார். நவார்ரா நாடாளுமன்றம் இப்பாகுபாட்டைச் சட்டத்தால் நீக்கியதோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடையே 300 ஆண்டுகள் கழிந்தன. ஆணை பிறப்பதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையே நீளும் அத்தூரம் நமக்குப் புதிதன்று.

'தமிழர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று நம்மிடமும் சொல்லப்படுகிறது. அதே 2024இல், ஜூன் 21 அன்று, சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் 18 ஆண்டுகளுக்குப் பின் தேர் ஓடியது. அதுவும் பெரும் காவல்துறைப் பாதுகாப்புடன். நான்கு நாட்டாருக்கு நான்கு வடம் என்பது அங்குள்ள மரபு. அந்த வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தமிழ் பேசும் தலித் மக்கள் உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இங்கே வடம் பிறப்பால் வரும் பங்கு. கொர்ரிகாவின் கோலோ முன்வருகிற எவருக்கும் கிடைப்பது. பொது நிகழ்வில் பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதே சமத்துவத்தின் அளவுகோல்.

நம் சட்டத்தில் குறையில்லை. சாலைகளைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு. தீண்டாமையை ஒழிக்கிறது 17ஆம் உறுப்பு. மத, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பங்கேற்பதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவின்படி குற்றம். 2016 ஜனவரி 26 முதல் இது நடைமுறையில் உள்ளது. இருந்தும், தடுத்தவர் மீது வழக்குப் பதிவதைவிட அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பதையே நிர்வாகம் எளிய வழியாகக் கொள்கிறது. அடிப்படை உரிமை பேரப்பொருளாக மாறுவது அந்த மேசையில்தான்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அரசு நடத்தும் சுடர் ஓட்டமானாலும் ஊர் நடத்தும் விழாவானாலும், பாதை சேரித் தெருவைச் சுற்றிச் செல்லாமல் அதன் வழியே செல்ல வேண்டும். சுடரையும் வடத்தையும் ஏந்துவோர் மரபுரிமையால் அன்றிப் பொது அழைப்பின் வழியே தேர்வாக வேண்டும். அனுமதி மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தடுப்போர் மீது சட்டம் பாய வேண்டும். மொழியின் பெயரால் ஒன்றுகூட அழைப்போர், முதலில் இவற்றுக்கு உடன்படட்டும்.