பழையதெல்லாம் பழுதல்ல

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

சென்ற கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் காயலான் கடைக்காரர் ஒருவர் தராசோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். திண்ணை மூலையில் கோணிப்பை போர்த்திக் கிடந்த தாத்தாவின் தையல் மிஷினை இரும்பு விலைக்குப் போட்டுவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த மிஷினை மிதித்துத்தான் தாத்தா அம்மாவையும் இரண்டு சித்திகளையும் படிக்க வைத்தார். "ஒரு மாதம் பொறுங்கள். ஓடாவிட்டால் நானே கொண்டு வந்து உங்கள் தராசில் வைக்கிறேன்" என்று நான் சொன்னேன். அப்பா சிரித்தார். பொருளியல் படிக்கிறவனுக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியுமா என்பதே அந்தச் சிரிப்பின் பொருள்!

எங்களுடையது சிங்கர் 31கே வகை. வீட்டு உபயோகத்துக்கானதன்று, தையற்காரர்களுக்கும் பட்டறைகளுக்கும் என்றே செய்யப்பட்டது. ‘கே’ என்ற எழுத்து ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் நகரிலிருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும். 1885-இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டது. அதாவது, செய்தவன் போய்விட்டான். செய்த பொருள் எங்கள் திண்ணையில் இருக்கிறது.

சக்கரம் அசையவே இல்லை. கடைத்தெருவில் மிஷின் பழுது பார்க்கும் பாயிடம் ஓடினேன். "தம்பி, பலம் காட்டாதே. மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊறப்போடு" என்றார். ஊறிய பிறகு பழுப்பு நிறப் பிசின் போலக் கசடு கழன்று வந்தது. தாத்தாவுக்குப் பின் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காலப்போக்கில் காய்ந்து பசையாகிவிட்டது. பற்களுக்கு அடியில் பஞ்சும் நூல்துகளும் அடை அடையாக அமுங்கிக் கிடந்தன. நான்காம் நாள் சக்கரம் சுழன்றது. ஆனால் தையல் விழவில்லை.

தையல் எப்படி விழுகிறது என்று அப்போதுதான் அறிந்தேன். ஊசி கீழே போய் மேலேறத் தொடங்கும் கணத்தில் அதன் பின்புறம் நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. அந்தக் கண்ணிக்குள் ஷட்டிலின் முனை நுழைந்து, மேல்நூலைப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோய்க் கீழ்நூலோடு பின்னுகிறது. முனை மழுங்கினாலும், ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் தையல் தாவிவிடும். எங்கள் ஷட்டிலின் முனை மழுங்கிப்போயிருந்தது.

புதிய ஷட்டில் தேடி மூன்று ஊர் அலைந்தேன். முதல் கடையில் ‘இதுதான், இதுதான்’ என்று அடித்துச் சொல்லி ஒன்றை விற்றார்கள். பொருந்தியது, ஆனால் ஓரத்தில் பிசிறு இருந்ததால் பத்துத் தையலுக்கு ஒருமுறை நூலை அறுத்தது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். பாய் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய ஷட்டிலை மண்ணெண்ணெயில் துடைத்துக் காட்டினார். அதன் முதுகில் தேய்ந்துபோன ஓர் எண்! "பேரைச் சொல்லிக் கேட்காதே, நம்பரைச் சொல்லிக் கேள்" என்றார். அந்த எண்ணோடு திருப்பூர் போனேன். கடைக்காரர் ஒரு சொல்கூடப் பேசாமல் லூதியானாவில் செய்த ஷட்டில் ஒன்றை எடுத்து வைத்தார்.

அதை மாட்டியும் தையல் தாவியது. அரைநாள் ஷட்டிலையே திட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் என்னுடையது. இதன் ஊசிக்குக் காம்பு முழு உருண்டை. வீட்டு மிஷின் ஊசி போல ஒரு பக்கம் தட்டையாக இராது. எப்படித் திருப்பினாலும் நுழையும். நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கம் நிற்க வேண்டும் என்பதறியாமல் நான் கோணலாக மாட்டியிருந்தேன். திருப்பி மாட்டியதும் அம்மா பழந்துணி ஒன்றை வைத்து மிதித்தார். ஓசையைக் கேட்டே "சரியாயிடுச்சு" என்றார்.

இங்கே நான் பாடப் புத்தகத்துக்கு வருகிறேன். 1924-இல் ஒரு மாணவர் காந்தியடிகளிடம், இயந்திரங்கள் எல்லாவற்றையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அந்த மாணவர் பிற்காலத்தில் காந்திகிராமம் கண்ட ஜி. இராமச்சந்திரன். இல்லை என்று சொன்ன காந்தியடிகள், விதிவிலக்காகச் சுட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தையே. அதைச் செய்ய ஆலை வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. அத்தகைய ஆலைகள் அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விடை. அன்று எழாத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. ஆலை மூடிய பின் உதிரிப் பாகத்தை யார் செய்வார்?

அந்தக் கேள்விக்கு விடையளித்தவர்கள் லூதியானாவின் சிறு பட்டறைக்காரர்கள். அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், பழைய மிஷினில் மறைபொருள் எதுவும் இல்லை என்பதுதான். கழற்றலாம், அளக்கலாம், அதேபோல் இன்னொன்று செய்யலாம்.

பழமைக்குப் பூச்சூட்டுவது என் நோக்கமன்று. எங்கள் மிஷின் வகையின் உச்ச வேகமே நிமிடத்துக்கு 2,200 தையல் என்றால், இன்றைய பட்டறை மிஷின்கள் 5,000 வரை போடுகின்றன. பீஸ் கூலிக்குத் தைக்கும் தொழிலாளியிடம் ‘தாத்தா மிஷினில் தை’ என்று சொல்வது கொடுமை. புதியது வரட்டும். ஆனால் எங்கள் தெருவில் நடந்ததைக் கேளுங்கள். கடன் வாங்கி ஒருவர் வாங்கிய கணினி மிஷினின் மின்பலகை எரிந்துவிட்டது. அந்த மாடலை நிறுத்திவிட்டோம், வேறு மிஷின் வாங்குங்கள் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மிஷின் ஓடவில்லை, கடன் தவணை மட்டும் தவறாமல் ஓடுகிறது! எழுபது வயதுப் பொருளுக்குப் பாகம் கிடைக்கிறது, ஏழு வயதுப் பொருளுக்குக் கிடைக்கவில்லை. இதை முன்னேற்றம் என்பதா?

பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022-இல் நடுவண் அரசு ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றை அது எடுத்துக்கொண்டது. ஏழைக்குச் சோறு போடும் பட்டறைத் தையல் மிஷினும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மாடலை நிறுத்தும் நிறுவனம் அதன் பாகங்களின் வரைபடத்தையாவது வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் வந்தாலும் கை வேண்டுமே! பாயிடம் தொழில் கற்க யாரும் இல்லை. பாயின் மகனே வேறு வேலைக்குப் போய்விட்டார். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை ஒதுக்கி, அவரைப் போன்றோரை அழைத்து வந்து, பேராசிரியர்களும் நாமும் எதிரே அமர்ந்து கற்றால் என்ன? அன்றைய கூலியை அவருக்குத் தர வேண்டும். பொன்னாடை மட்டும் போதாது.

இப்போது அம்மா அந்த மிஷினில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கிறார். நண்பர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கோணிப்பைக்கு அடியில் ஏதேனும் கிடக்கலாம். தராசு வருமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.