அப்டேட் பட்டனை "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளாதீங்க (த்ரெட்)

1/ பாண்டியில நேரு வீதி, லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைன்னு எங்க போனாலும் சின்ன கிளினிக், லேப், மெடிக்கல் ஷாப்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். லேப் ரிப்போர்ட், இன்சூரன்ஸ், பேங்க், வாட்ஸ்அப் வெப் எல்லாமே ஒரே பிரவுசர்ல. மூலையில "அப்டேட்"னு ஒரு பட்டன் நாள் கணக்கா காத்துக்கிட்டு இருக்கும். அதைப் பத்திதான் இந்த த்ரெட்.

2/ "நான் தப்பான சைட்டுக்கே போறதில்லையே, எனக்கெதுக்கு?" நல்ல கேள்வி. 2023 செப்டம்பர்ல, வெப்பி வகைப் படங்களைத் திறக்கிற மென்பொருள்ல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூணுலயும் அதே மென்பொருள். விஷமத்தனமா தயாரிச்ச ஒரு படம் திரையில வந்தாலே போதும். செப்டம்பர் 11 அன்னைக்கு கூகுள் திருத்தம் வெளியிட்டப்பவே, இதை வச்சுத் தாக்குதல் நடக்குதுன்னு சொல்லிட்டாங்க.

3/ அப்டேட்டைத் தடுப்பூசி மாதிரின்னு சொல்வோம். ஒரு இடத்துல அந்த ஒப்பீடு உதைக்கும். தடுப்பூசி வந்திருக்குன்னு படிச்சு வைரஸ் எதையும் கத்துக்காது. ஆனா திருத்தம் வெளியானா, பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாத்து ஓட்டை எங்கன்னு திருடன் கண்டுபிடிச்சிடுவான். மருந்து வந்தப்புறமும் போடாம இருக்கிற நாட்கள்ல ஆபத்து கூடுது.

4/ இது பிரவுசருக்கு மட்டுமில்ல. விண்டோஸ்ல இருந்த ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லயே திருத்தம் கொடுத்தது. மே 12-ல அதே ஓட்டை வழியா வான்னாகிரை வந்து பிரிட்டன் அரசு மருத்துவமனைகளை முடக்கிச்சு. 19,000-க்கும் மேல நோயாளி அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்னு அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்குப் போட்டது. நடுவுல ரெண்டு மாசம் இருந்தது.

5/ நிறைய பேர் கவனிக்காத விஷயம்: அப்டேட் தானா டவுன்லோட் ஆகிடும். ஆனா பிரவுசரை மூடித் திறந்தாத்தான் வேலை செய்யும். நாற்பது டேபைத் திறந்து வச்சு, ராத்திரி கம்ப்யூட்டரை ஸ்லீப்ல போட்டுட்டுப் போனா, மாத்திரையை வாங்கி அலமாரியில வச்ச கதைதான்.

6/ இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுறவங்களுக்கு: அதுல ஓடுற கடைசி குரோம் 109, வந்தது 2023 ஜனவரியில. இப்போ புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டைகளுக்கு அந்த குரோம்ல அடைப்பு வர்றதில்ல. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அந்த மெஷினை நோயாளி விவரத்துக்குப் பயன்படுத்தாதீங்க. புதுசு வாங்க முடியலன்னா, அதுலயே லினக்ஸ் போட முடியுமான்னு சர்வீஸ்காரரைக் கேளுங்க.

7/ என் கருத்து இதுதான். இது ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிறவங்க தலையில கட்டுற வேலை இல்ல. நோயாளி நம்மகிட்ட சொன்ன ரகசியத்தைக் காப்பாத்த வேண்டியது கிளினிக்கோட முதலாளி, அதாவது நாம. கை கழுவுறதுக்கு ஆள் வைக்கிறோமா என்ன?

8/ இன்னைக்கு ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி: மூணு புள்ளி, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம். ரீலான்ச்னு வந்தா அமுக்குங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது. பக்கத்துக் கடைக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க.