முன்சீப்பு: நீதியின் பெயரில் ஒரு சாதி நாற்காலி

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் ஊர்களுக்கு ஆய்வுக்காகப் போனால், 'முன்சீப்பு வீட்டுக்கு அடுத்த தெரு' என்று வழி சொல்வார்கள். 1980-லேயே அந்தப் பதவி போய்விட்டது. பட்டம் மட்டும் பேரன்வரை வந்திருக்கிறது.

சொல் அரபியிலிருந்து வந்தது. 'நிஸ்ஃப்' என்றால் பாதி. 'இன்சாஃப்' என்றால் நியாயம். 'முன்ஸிஃப்' என்றால் நியாயம் செய்பவர். இரு தரப்புக்கும் சரிபாதி பார்ப்பவர் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாரசீகம் வழியாக நிர்வாக மொழியில் சேர்ந்து, கம்பெனி ஆட்சியில் தமிழில் நிலைத்தது.

1816-ல் தாமஸ் மன்றோவின் முயற்சியில் சென்னை மாகாணத்தில் வந்த ஒழுங்குவிதிகள் இரண்டு வகை முன்சீப்புகளை உருவாக்கின. மாவட்ட முன்சீப், சம்பளம் வாங்கும் நீதிபதி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இருந்தது இந்தப் பதவியில்தான். கிராம முன்சீப் என்பவரோ ஊர்த்தலைவரேதான். வரி வசூலிப்பதும் அவர், பத்து ரூபாய் வரையிலான வழக்கைத் தீர்ப்பதும் அவர், சில்லறைக் குற்றத்துக்குத் தண்டிப்பதும் அவர்.

அந்தத் தண்டனையைப் பாருங்கள். 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதிப்படி, சிறு குற்றம் செய்தவரைச் சாவடியில் 12 மணி நேரம் அடைத்து வைக்கலாம். அவர் 'தாழ்ந்த' சாதி என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். அது இழிவான தண்டனை என்று எழுதியவர்களுக்கே தெரியும். அதனால்தான் யாருக்கு அது பொருந்தும் என்று சாதி பார்த்து எழுதினார்கள். வெள்ளைக்காரன் சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று பாடம் படித்த நமக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

1895-ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் இந்த நாற்காலியை வாரிசுச் சொத்தாக உறுதிசெய்தது. நிலம் வைத்திருந்த ஆதிக்க சாதி வீடுகளில் முன்சீப் பதவி தங்கியது. அதே நிர்வாகத்தில் தலித் குடும்பங்களுக்குக் கிடைத்தது வெட்டி, தோட்டி வேலை. அதுவும் பரம்பரையாகத்தான்.

ஆந்திராவில் ஒரு கிராம முன்சீப் பதவி தொடர்பாக கஜுலா தசரத ராம ராவ் தொடுத்த வழக்கில், வாரிசுக்கு முன்னுரிமை என்பது அரசமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு! தமிழ்நாட்டில் அந்தப் பதவியே ஒழிய இன்னும் இருபதாண்டுகள் ஆயின. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர், தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டின்படி வருபவரானார். வழக்குப் போட்டும் பழைய பதவி திரும்பவில்லை. 1982-ல் உச்ச நீதிமன்றம் ஒழிப்பை ஏற்றுக்கொண்டது.

மாவட்ட முன்சீப்பும் இன்று தமிழில் உரிமையியல் நீதிபதி ஆகிவிட்டார். ஆனால் ஊர்ப் பேச்சில் சொல் சாகவில்லை. வெறும் அடையாளப் பெயர்தானே என்பார்கள். அப்படியென்றால் வெட்டி வேலை பார்த்தவரின் பேரனுக்கு அந்தப் பெயர் ஏன் வசவாகிறது? ஒரே நிர்வாகத்தின் இரண்டு சொற்களில் ஒன்று மரியாதையாகவும் மற்றது இழிவாகவும் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. பதவியை ஒழித்த சட்டம் இதைத் தொடவில்லை.

அதைத் தொட வேண்டியது நாம். ஊர் வரலாறு எழுதும் இளைஞர்கள் முன்சீப்பு வீட்டை 'நியாயம் சொன்ன வீடு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. யாருக்குச் சாவடி, யாருக்குத் தொழுமரம் என்பதையும் எழுத வேண்டும்.