மூக்கு மழுங்கட்டும்

ஈப்போவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி மகனுக்கு ஒரு விபரீத ஆசை. ஒருவர் உட்காரும் நீர்மூழ்கியைத் தன் கையாலேயே செய்து, பழைய ஈயக் குட்டையில் இறங்க வேண்டுமாம்! தடுத்தால் கேட்கிற பையன் இல்லை. "முதலில் சின்னதாகச் செய்து பாரு" என்றேன்.

மரத்தில் இரண்டு மாதிரிகளைக் கடைந்தான். ஒரே நீளம், ஒரே பருமன். ஒன்றுக்குப் பென்சில் போல் கூரிய மூக்கு, மொட்டை வால். மற்றதற்கு முட்டை போல் உருண்ட மூக்கு, மெல்ல ஒடுங்கும் வால். ஈயத்துண்டு சேர்த்து எடையைச் சரிசெய்தான்.

மீன் வளர்க்கும் சிமெண்டுத் தொட்டிதான் எங்கள் ஆய்வுக்கூடம். நூலில் கட்டி, கப்பி வழியாக ஒரே எடையைத் தொங்கவிட்டு இழுத்தோம். நீர்மட்டத்தை ஒட்டி இழுத்தால் அலை எழுந்து கணக்கைக் கெடுக்கும். ஆகவே ஆழத்தில்தான் சோதனை.

"கூரா இருந்தாதான் தண்ணிய வெட்டும், பெரியப்பா!"

பத்து முறை இழுத்தோம். முட்டை மூக்கே முந்தியது. முன்னால் நீரைப் பிளப்பதைவிட, பின்னால் அது சுழலாமல் ஒன்றுசேர்வதுதான் முக்கியம். மொட்டை வாலுக்குப் பின்னே எழும் சுழல், மாதிரியைப் பின்னுக்கு இழுக்கிறது.

இது புதிய பாடமல்ல. 1867இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட், 'ஸ்வான்', 'ரேவன்' என்ற மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தார். வேகம் கூடியபோது கூரிய 'ரேவனை' மழுங்கிய 'ஸ்வான்' வென்றது. 1953இல் அமெரிக்கா மிதக்கவிட்ட 'அல்பகோர்' நீர்மூழ்கிக்கும் கண்ணீர்த்துளி வடிவம்தான்.

பையன் துள்ளினான். "இதன் மேலே கண்ணாடிக் கூண்டு வரும் அல்லவா? அந்த எடையையும் வை" என்றேன். ஒரு போல்ட்டைப் பொருத்தி நீருக்குள் விட்டான். மாதிரி புரண்டு, தலைகீழாக நின்றது.

இருவரும் பேசவில்லை. உள்ளே ஓர் ஆள் இருந்திருந்தால்?

எடை கீழே இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். இப்போது ஈயத்தை அடிவயிற்றுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறான். ஆனால் மர மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அதைத் தாங்குமா என்பதை இரும்புதான் சொல்ல வேண்டும். அதனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். பெரியதைச் செய்தாலும், முதலில் ஆளில்லாமல் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும்.

"சரி, பெரியப்பா" என்றான். அவன் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டது அன்றுதான்.