நெய்யாற்றோர முகாம்களுக்கு மலை தரும் பாடம்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துக்குப் பெயர் தந்த நெய்யாறு, அகத்தியர் மலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேர்கிறது. மேலே வீசும் குப்பை கீழே இருப்பவர்களின் தண்ணீரில்தான் வந்து சேரும்.

அந்த மலையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் சிகரத்துக்கு நினைத்த நேரத்தில் ஏறிவிட முடியாது. மலையேற்றக் காலம் ஆண்டில் சில வாரங்களே. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வனத்துறை வரையறுக்கிறது. பிளாஸ்டிக்குக்கும் தடை உண்டு. 2016இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்த பகுதி இது.

ஆற்றோரம் படகும் கூடாரமும் வைத்து முகாம் நடத்துவோருக்கும் மலையில் உள்ளது போன்ற கட்டுப்பாடு வேண்டும். பாட்டிலுக்குப் பதில் குடிநீர்த் தொட்டி, கழிவு ஆற்றில் கலக்காத கழிப்பறை, ஒலிபெருக்கி இல்லாத இரவு: இவற்றை நேரில் பார்த்த பிறகே உள்ளாட்சிகள் உரிமம் வழங்க வேண்டும். ஆண்டுதோறும் சோதிக்கவும் வேண்டும்.